இருபது எண்ணும் வரை

கிராம்பு டப்பாவை நிரஞ்சனா எடுத்துப் பூட்டி வைத்தது ஆகஸ்ட் மாதத்தில். தேதிகூட நினைவிருக்கிறது, தேசிய தினத்துக்கு மறுநாள். சிங்கப்பூரின் சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளின் வெளிக்கம்பிகளில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவின் தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஆறு கிராம்புகள் உதிர்ந்தன. அதில் இரண்டு மென்று துப்பியவை.

அதற்கு முன்பே அம்மா பூவம்மா சட்டைப் பொத்தானை வாயில் போட்டிருக்கிறாள். ரிமோட்டின் பேட்டரியைக்கூடப் போட்டிருக்கிறாள். மறதி நோய் முற்ற முற்றக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும், தொண்டையில் சிக்கிவிடும், கவனம் என்று மாதம் இருமுறை வீட்டுக்கு வரும் தாதி சொல்லியிருந்தார். கிராம்போடு ஏலக்காய், மிளகு, பட்டை எல்லாவற்றையும் மேல் அலமாரிக்கு ஏற்றி நிரஞ்சனா ஒரு சின்னப் பூட்டுப் போட்டாள். அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது அம்மா அந்த அலமாரிக்கு நேர் கீழே நின்று கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். நிரஞ்சனா தோளைப் பிடித்துக் கூட்டி வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்தாள். நான்கைந்து நாள் அப்படியே நடந்தது. பிறகு பூவம்மா அங்கே போய் நிற்பதை விட்டுவிட்டாள்.

அக்டோபரில் சாப்பாட்டையும் விட ஆரம்பித்தாள்.

முதலில் தோசை வேண்டாமென்று தட்டைத் தள்ளினாள். பிறகு சோறு. பிறகு கஞ்சி. சமைப்பதும் ஊட்டுவதும் அப்பா பாலகிருஷ்ணன்தான். சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணிக்கு அரிசியை உடைத்துப்போட்டு, ஈக்கான் பிலிஸ் நெத்திலியை வறுத்துப் பொடித்துத் தூவி, கஞ்சியை ஆற்றி ஆற்றி எடுத்து வருவார்.

"ஆ காட்டு பூவு. ஒரே ஒரு வாய். இது சாதா கஞ்சி இல்ல, பிளேன்ல வந்த சாமான். நானே எறக்குனது."

பூவம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"பாரு நிரா, எத்தன டன்னு எறக்கியிருப்பேன் லைஃப்ல. இந்த ஒரு கரண்டிய உள்ள எறக்க முடியல லா."

அவர் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பர் முதல் வாரம் தாதி வந்து எடை பார்த்தார். ஐந்து கிலோ குறைந்திருந்தது. இந்த நோயில் இப்படி ஒரு கட்டம் வரும், சாப்பிடுவது என்றால் என்ன என்பதே மறந்துபோகும் என்றார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், பிறகு மூக்கு வழியாகக் குழாய் போடுவதா வேண்டாமா என்று குடும்பம் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவர் போன பிறகு பாலகிருஷ்ணன் செருப்பு ரேக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"குழாய புடுங்காம இருக்க கைக்கு உறை போட்டுக் கட்டுவாங்களாம். மிட்டன்னு சொன்னாங்க. அவ கையவா நிரா? அவ கையப் போயி கட்டுறதா?"

"ரெண்டு வாரம் இருக்குப்பா."

"போடலைன்னா?"

போடாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் வேலை செய்வது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கும் பல் மருந்தகத்தில். கீழே பூமாலைக் கடை. படியேறும்போது பாதிவரைக்கும் மல்லிகை வாசம், அதற்கு மேல் மருந்து வாசம். பதினாறு வருடமாக அங்கே உதவியாளர். இப்போது மருந்தகத்தை நடத்தும் டாக்டர் இன்ஷா அவளைவிட ஐந்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வேர் சிகிச்சை நாட்களில் நிரஞ்சனாவுக்கு ஒரு தனி வேலை உண்டு. பல்லின் வேருக்குள் ஓடும் குழி நேரான குழாய் அல்ல. பக்கத்தில் கிளை விடும், நடுவில் பிதுங்கும், நுனியில் முடியைப்போலப் பிரியும். ஊசிபோன்ற அரத்தால் எவ்வளவு சுரண்டினாலும் அந்தக் கிளைகளுக்குள் அழுகல் மிச்சமிருக்கும். அதனால் குழியில் கிருமி கொல்லும் திரவத்தை நிரப்பி, அதற்குள் தலைமுடி கனத்துக்கு ஒரு மெல்லிய உலோக முனையை இறக்கி, காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அதிர்வைக் கொடுப்பார்கள். அல்ட்ராசோனிக் என்பார்கள். திரவம் கொதிப்பதுபோல் சுழன்று, அரம் போகாத இடமெல்லாம் போய்க் கழுவி வரும். ஒரு தடவைக்கு இருபது வினாடி. பிறகு உறிஞ்சி எடுத்துப் புதுத் திரவம் நிரப்பி மறுபடி இருபது. ஒவ்வொரு குழிக்கும் மூன்று தடவை. சுவரில் கடிகாரம் இருந்தாலும் இன்ஷாவின் கண் பல்லைவிட்டு நகராது. எண்ணுவது நிரஞ்சனா.

சில பற்களைத் தற்காலிகமாக அடைக்கும் பசையில் கிராம்பு எண்ணெய் இருக்கும். அதைக் குழைக்கும் விரல்களில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் வாசம் போகாது. ஒருமுறை ரயிலில் பக்கத்தில் இருந்தவர், "யாரோ பிரியாணி வாங்கிட்டுப் போறாங்க போல" என்று மூக்கை உறிஞ்சினார். அதை வீட்டில் சொல்லி அப்பாவும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

தாதி வந்துபோன மூன்றாம் நாள், மாலை ஆறு மணி. வெளியே இடியும் மழையுமாக இருந்தது. அம்மாவுக்குப் பல் துலக்கிவிட நிரஞ்சனா குளியலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சில வாரங்களாகவே பிரஷ் வலப்பக்கம் போனால் பூவம்மா கடித்துக்கொள்வாள், தலையை ஆட்டுவாள். அது நோயின் அடம் என்று அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதே வழக்கமாயிருந்தது. அன்று என்னவோ பிடிவாதம். அப்பாவைக் கூப்பிட்டுக் கைப்பேசி விளக்கைப் பிடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

கீழ் வரிசையில், பெரிய கடைவாய்ப்பல்லுக்கு அடியில் ஈறு ஒரு சிறு முத்தளவுக்குப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் சீழ் வந்தது.

நிரஞ்சனா கன்னத்தை விட்டுவிட்டாள்.

"என்னம்மா? என்ன இருக்கு?"

"பல்லு அழுகியிருக்குப்பா. வேர் வரைக்கும். ரொம்ப நாளா."

பாலகிருஷ்ணன் விளக்கை அணைக்க மறந்து நின்றார். அது சுவர் ஓடுகளில் வட்டமாக விழுந்து ஆடியது.

"அதான் கிராம்பு வச்சுக்கிட்டிருந்தாளா?" என்றார்.

"எந்தக் கிராம்பு?"

"அவளுக்குப் பல்வலி வந்தா கிராம்புதான். கல்யாணமான புதுசுலேர்ந்து அப்படித்தான். டாக்டர்னா பயம். ரெண்டு கிராம்ப அதக்கிக்கிட்டு வேலைக்குப் போயிடுவா." கொஞ்சம் நிறுத்தி, "ஜூலைல ஒருநாள் வாயில பாத்தேன். பக்கத்துல போனா வாசம் தூக்குச்சு. நீ பல்லு ஆளாச்சே, பாத்திருப்பன்னு நெனச்சேன்" என்றார்.

வாசம் நிரஞ்சனாவுக்கும் வந்திருந்தது. அம்மாவைக் கட்டிப் பிடித்துப் படுக்கவைத்தபோதெல்லாம் வந்தது. தன் கை வாசம் என்று நினைத்துவிட்டாள்.

"பூட்டுனது நான்தான்பா," என்றாள். "எடுத்துத் திங்குறான்னு நெனச்சுப் பூட்டிட்டேன்."

"நானும் இங்கதான இருந்தேன். எனக்கும் கண்ணு இருக்கு." அவர் குனிந்து மனைவியின் உதட்டோரத்தைத் துண்டால் துடைத்தார். "வலிக்குதுன்னு சொல்லத் தெரியலயே இவளுக்கு."

மறுநாள் காலை கருவிகளை அடுக்கிக்கொண்டே நிரஞ்சனா இன்ஷாவிடம் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு இன்ஷா, "புடுங்கிடலாமே அக்கா, அதுதான் ஈஸி," என்றார்.

"எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுறாங்க டாக்டர். ஆறு மாசத்துக்கு ஒண்ணு. நாலு வருஷமா."

இன்ஷா கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றார். அந்த ஊசி போட்டவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமலே போய்விடக்கூடும். இருவருக்கும் தெரிந்த விஷயம்.

"ரூட் கனால்தான்னா ஆன்ட்டி அசையாம இருக்கணும். ரெண்டு மூணு தடவ கூட்டிட்டு வரவும் முடியாது. ஒரே சிட்டிங்."

"மயக்க மருந்து கொடுத்து?"

"இந்த எடையில, இந்த நெலமையில நான் கேக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியிலயும் யோசிப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா. பல்லச் சரி பண்ணிடலாம். ஆனா அதுக்கப்புறமும் சாப்பிடுவாங்கன்னு நான் சொல்ல முடியாது. தாதி சொன்னதும் உண்மையா இருக்கலாம்," என்றார்.

"பல்லுதான் டாக்டர்," என்றாள் நிரஞ்சனா. "பல்லுதான். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் சாப்பிட்டாங்க."

ஐந்து நாள் மருந்து கொடுத்து வீக்கத்தை அடக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு நோயாளிகள் இல்லாமல் மருந்தகத்தைத் திறந்தார் இன்ஷா. மழை விடவில்லை. டாக்ஸியிலிருந்து இறங்கி, பூக்கடைக்காரர் பிடித்த குடையில், பாலகிருஷ்ணன் மனைவியைப் படிப்படியாக ஏற்றினார். "பாத்து வை பூவு. மாடியில சீலை சேல்ஸ். ஃபிஃப்டி பர்சன்ட்."

"பொய்," என்றாள் பூவம்மா. பல நாள் கழித்து அவள் பேசிய சொல். பாலகிருஷ்ணன் படியிலேயே நின்று சிரித்தார்.

மரப்பு ஊசி போடும்போது அழுதாள். ஊசியைத் தட்டிவிட உயர்த்திய கையை அப்பா பிடித்துக்கொண்டார். பல்லை மட்டும் வெளியே தெரியவைக்கும் ரப்பர் விரிப்பைப் பொருத்தியதும் அதைப் பிடுங்கப் பார்த்தாள். எப்படியோ பல்லைத் திறந்தார்கள். அரத்தை இறக்கியபோது இரண்டு முறை தலையை உதறினாள். இரண்டாம் முறை இன்ஷா சட்டென்று கையை எடுத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நெற்றியில் வேர்வை.

"மூணு குழியும் ஓரளவு சுரண்டியாச்சு. ஆனா கழுவாம மூட முடியாது அக்கா. அந்த முனை ரொம்ப மெல்லிசு. உள்ள இருக்கும்போது இப்படி உதறுனா ஒடஞ்சு வேருக்குள்ளயே நின்னுடும். அப்புறம் எதுவும் பண்ண முடியாது."

"தலைய நான் புடிச்சுக்கறேன் டாக்டர்."

"புடிச்சா இன்னும் பயந்துடுவாங்க."

மழைநீர் வெளிப்புறக் குழாயில் விழும் சத்தம் கேட்டது. இன்ஷா முடிவு செய்ய முடியாமல் கருவியைக் கையிலெடுத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல, தண்ணீர்க் குவளைக்குள் முனையை விட்டு மிதியை அழுத்தினார். கீ என்று ஊசிக்குரலில் ஒரு சத்தம் எழுந்தது.

பூவம்மாவின் தலை நின்றது. உடம்பே நின்றது. மடியில் கிடந்த இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ இடுக்கியால் பிடிப்பதுபோல் சேர்ந்தன. அவள் மூச்சு விடவில்லை.

சத்தம் நின்றது. மூச்சை விட்டாள். கைகள் இறங்கின.

"பாண்டிங் மெஷினு," என்றார் பாலகிருஷ்ணன்.

"என்ன அங்கிள்?"

"கிளமெண்டி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி டாக்டர். பதினேழு வருஷம் பாத்தா. மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டு, தங்கக் கம்பி, முடியவிட மெல்லிசு, அத சின்னச் சின்ன பீஸுல ஒட்டணும். ஒட்டும்போது மெஷின் இதே மாதிரி கத்தும். அப்ப மூச்சு விடக்கூடாது. கை ஆடுனா பீஸு ரிஜெக்ட். வீட்டுலயும் ஊசியில நூல் கோக்கும்போது மூச்ச புடிச்சுக்குவா, நான் கிண்டல் பண்ணுவேன்." அவர் கருவியைக் கைகாட்டினார். "போடுங்க டாக்டர். இப்பவே போடுங்க. அவ வேலைக்குப் போயிட்டா."

இன்ஷா முனையை முதல் குழிக்குள் இறக்கினார். கீ என்ற சத்தம் எழுந்தது. பூவம்மாவின் கைகள் உயர்ந்தன. நிரஞ்சனா உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். வழக்கமாக மனதுக்குள் எண்ணுபவள் அன்று வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாவின் இமைகூட அசையவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சத்தம் நின்றதும் நெடிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. கலங்கிய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக நிரப்பினார்கள். மறுபடி.

மூன்று குழி, ஒன்பது தடவை. ஏழாம் தடவை எண்ணும்போது நிரஞ்சனாவின் குரல் உடைந்து பதினொன்று இரண்டு முறை வந்தது. இன்ஷா திரும்பிப் பார்க்கவில்லை. "பரவால்ல அக்கா, கூட ஒரு செகண்டுதான்," என்றார்.

மதியத்துக்கு முன் குழிகளை அடைத்துப் பல்லை மூடியாயிற்று. ரப்பர் விரிப்பை எடுத்ததும் பூவம்மா மரத்துப்போன வாயைக் கோணலாக அசைத்தாள். நிரஞ்சனாவின் முகக்கவசத்தையும் நீலத் தொப்பியையும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். தொழிற்சாலையிலும் அப்படித்தான் கட்டிக்கொள்வார்களாம்.

"நூரைனி," என்றாள். "ஷிஃப்டு முடிஞ்சுதா?"

அப்பா என்னவோ சொல்ல வந்தார். நிரஞ்சனா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். "முடிஞ்சிருச்சு," என்றாள்.

"பஸ்ஸ விட்டுறக்கூடாது லா. வீட்டுல புள்ள சாப்பிட்டிருக்காது. யாரு ஊட்டுனாலும் வாய இறுக்கிக்கும். நான் போனாத்தான் தொறக்கும்."

"எத்தன வயசு?"

"ஒன்றர."

"பேரு என்ன?"

"நிரஞ்சனா." உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பேருதான் பெருசு. ஆளு இத்துனூண்டு."

நிரஞ்சனா கருவித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். அன்று அவள் அந்தக் கருவிகளைக் கழுவ வெகுநேரம் பிடித்தது. இன்ஷா கதவுவரை வந்து பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் பூவம்மா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். ஐந்தாம் நாள் முழுக் கிண்ணம். பாலகிருஷ்ணன் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழவில்லை என்று கைப்பேசியில் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். அடுத்த ஞாயிறு நிரஞ்சனா தேக்கா சந்தையிலிருந்து இடியாப்பம் வாங்கி வந்தாள். தேங்காய்த் துருவலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து ஊட்ட, அம்மா மூன்று தின்றாள். நான்காவதுக்குத் தானே கையை நீட்டினாள்.

"சொன்னேன்ல? பல்லுதான்னு?" என்றாள் நிரஞ்சனா.

"நீ சொன்ன லா. நீ சொன்னா சரிதான்." அப்பா எழுந்து போய்த் தாதிக்கு அழைத்து, குழாயைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னார்.

மேல் அலமாரியின் பூட்டை நிரஞ்சனா கழற்றிவிட்டாள். கிராம்பு டப்பாவை எட்டும் இடத்தில் வைத்தாள். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. மாலையில் ஊட்டும்போது நிரஞ்சனா அம்மாவுக்குத் தொழிற்சாலைத் தோழி நூரைனியாகத்தான் இருந்தாள். லீடரின் கெடுபிடி, காண்டீனில் சம்பல் காரமாய்ப் போனது, வீட்டிலிருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மா கவலைப்பட்ட ஒருநாள், "எறங்கிருச்சாம், இப்பதான் போன் வந்துச்சு," என்று பொய் சொன்னாள். அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்படிப் பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள், டிசம்பர் நடுவில், வேலை முடிந்து வந்தபோது அப்பா சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் கஞ்சி அப்படியே ஏடு கட்டிக் கிடந்தது.

"காலையிலேர்ந்து வாயிலேயே வச்சிருக்கா நிரா. முழுங்கல. கன்னத்துலயே வச்சிருக்கா. குனிஞ்சா வழியுது."

"பல்லு வலிக்கும்பா. வேற பல்லா இருக்கும்."

"இருக்கும்," என்றார் அவர் உடனே. "பாரு. நீயே பாரு."

நிரஞ்சனா கையைக் கழுவிக்கொண்டு அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். வாயில் தேங்கியிருந்த கஞ்சியைத் துணியால் வழித்தெடுத்தாள். அப்பா விளக்கைப் பிடித்தார். ஈறு முழுவதும் விரலால் தடவினாள். வெளுத்த இளஞ்சிவப்பு, எங்கும் புடைப்பில்லை. சிகிச்சை செய்த பல்லின் அடியிலிருந்த கட்டி சுவடில்லாமல் ஆறியிருந்தது. பிறகு ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். வேரில் நோயிருந்தால் தட்டும்போது ஆள் துள்ளிவிடுவார்.

டக்.

"வலிக்குதாம்மா?"

பூவம்மா அவளைப் பார்த்தாள்.

டக். டக். அடுத்த பல்லைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். அதற்கடுத்ததை இன்னும் அழுத்தி. "இங்க? இங்க வலிக்குதா? சொல்லும்மா. வலிச்சா கைய தூக்கு." கீழ் வரிசை முடிந்தது. மேல் வரிசைக்குப் போனாள். ஏதாவது ஒன்றில், ஒரே ஒன்றில், அந்த முகம் சுருங்கிவிடாதா என்று ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருந்தாள். அம்மா வாயை நன்றாகத் திறந்து, எங்கும் முகம் சுளிக்காமல், பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பல்லையும் தட்டியாயிற்று. நிரஞ்சனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?" அப்பா விளக்கை இறக்கவில்லை. "எதாச்சும் இருக்கா?"

"இல்லப்பா," என்றாள். "எல்லாம் நல்லாருக்கு."